கை போகும் இடத்தில் ஒலி

(இளம் தாளக் கலைஞர்கள் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒலிகளைப் பதிந்து வைத்து வாசிக்கும் சாம்ப்ளருக்குள் அவற்றை எப்படி அடுக்கி வைப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்ட சிலர், ஃபோல்டர் போடுவதும் பெயர் வைப்பதும்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்றார்கள். நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலியைத்தான் நாம் வாசிக்கிறோம். எட்டாத இடத்தில் இருக்கும் ஒலி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது இல்லாததற்குச் சமம். எந்த ஒலியை எங்கே வைக்கிறீர்கள் என்பது, நாளைக்கு என்ன வாசிக்கப்போகிறீர்கள் என்பதை இன்றைக்கே பாதி முடிவு செய்துவிடுகிறது. ஆகவே இதை இசையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். இடப் பற்றாக்குறைதான் இந்த வேலையை முதன்முதலில் கற்றுக்கொடுத்தது.

1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். வெளியுலக ஒலியைப் பதிந்து, அதை விசைப்பலகையில் வாசிக்க வைத்த முதல் வணிகக் கருவிகளில் அது ஒன்று. அதன் ஒலிகள் 8 அங்குல ஃப்ளாப்பித் தட்டுகளில் இருந்தன. இரண்டே ஆண்டுகளில், 1981-இல், அமெரிக்காவின் ஈ-மு நிறுவனம் எமுலேட்டரை வெளியிட்டது. இவையெல்லாம் பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. நம் கதைக்கு வேண்டிய கருவி 1987-இல் அதே ஈ-மு நிறுவனத்திலிருந்து வந்த எஸ்பி-1200.

அதில் எட்டு பேட். ஏ, பி, சி, டி என்று நான்கு பேங்க், அதாவது அதே பேட்களுக்கு நான்கு அடுக்கு ஒலிகள். ஆக 32 ஒலி. மொத்தப் பதிவு நேரம் 10 விநாடி. ஒரு நிமிடம்கூட இல்லை, 10 விநாடிதான். அதிலும் ஒரு ஒலி இரண்டரை விநாடியைத் தாண்டக்கூடாது. 12 பிட், விநாடிக்கு 26,040 முறை அளவெடுக்கும் பதிவு. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இளைஞர்கள் இந்தச் சின்ன இடத்தை வைத்துக்கொண்டு ஒரு காலகட்டத்தின் இசையையே செய்தார்கள். இடம் போதாதபோது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டி, வேகமாகப் பதிந்துகொண்டு, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 விநாடிக்குள் 13 விநாடிக்கு மேல் அடங்கிவிடும். அப்படி இறக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறியது. அந்தச் சொரசொரப்பே பிறகு அந்த இசையின் அடையாளமாகிவிட்டது.

10 விநாடிதான் இருக்கிறது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு ஒலியையும் உள்ளே விடுவதற்கு முன் கேள்வி கேட்பீர்கள். இது வேண்டுமா? இதன் வால் இவ்வளவு நீளம் இருக்க வேண்டுமா? ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒன்று இந்த வேலையைச் செய்யாதா? அடுக்குவது என்ற வேலை அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடும். இன்றைக்கு 32 ஜிபி கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான ஒலிகளைக் கொட்டிவிட்டு, மேடையில் ஒரு குமிழைத் திருகித் திருகித் தேடுகிறோம். கருவி முன்பு நமக்குப் போட்ட வேலியை இப்போது நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1988-இல் ரோஜர் லின் வடிவமைத்து, ஜப்பானின் அக்காய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி60 அடுத்த படி. நான்குக்கு நான்கு என்று 16 பேட். இன்றைக்குப் பல கருவிகளில் அந்த நான்குக்கு நான்கு சதுரம் இருக்கிறதே, அதைப் பரப்பியது இந்தக் கருவிதான். டிஜே ஷேடோவின் ‘எண்ட்ரொடியூசிங்’ தொகுப்பு 1996-இல் வந்தது. ஏறத்தாழ முழுவதும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளால், எம்பிசி60-ஐ மையமாக வைத்துச் செய்தது. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா பயன்படுத்திய எம்பிசி3000 இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாளத்தைக் கருவியே நேர்செய்துவிடும் வசதியை விலக்கி, கையின் போக்கிலேயே வாசித்ததற்காக அவரைக் கொண்டாடுகிறார்கள். கை அப்படித் தயங்காமல் போக வேண்டுமென்றால், போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோப்பவரைப் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கக்கூடும். அவர் கண் கைப்பிரதியில் இருக்கும். கை தானாகப் பெட்டி அறைகளுக்குப் போய் எழுத்தை எடுத்துவரும். அடிக்கடி வேண்டிய எழுத்து பக்கத்து அறையில், எப்போதாவது வேண்டியது ஓரத்தில். யாராவது அறைகளை மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு அவர் வேலை நின்றுபோகும். பேட் வாசிப்பவருடைய நிலைமையும் அதுதான். கண் பாடகர் மேலும் கீபோர்டுக்காரர் மேலும் இருக்க வேண்டும். கருவியைப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறவர் பாட்டைத் தவறவிடுவார்.

முதல் விதி இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கிட்டிலும், அதாவது பேட்களில் ஒன்றாக ஏற்றும் ஒவ்வொரு ஒலித் தொகுதியிலும், ஒரே வகை ஒலி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கிட் மாறலாம், வாத்தியம் மாறலாம், இடம் மாறக்கூடாது.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பலரும் வைத்திருக்கும் ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் கருவியையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்தது. குச்சியால் அடிக்கும் ஒன்பது பேட். மேலே மூன்று ஒடுக்கமானவை, கீழே ஆறு அகலமானவை. நான் மாணவர்களுக்குச் சொல்லும் அமைப்பு இது: கீழ் வரிசையில் இடப்பக்கம் கனமான அடி. டிரம் கிட் என்றால் கிக், தவில் என்றால் தொப்பிப் பக்கத்து அடி, டோலக் என்றால் பெரிய பக்கம். கீழ் வரிசையில் வலப்பக்கம் கூர்மையான அடி. டிரம் கிட்டில் ஸ்னேர், தவிலில் வலந்தலை, தபலாவில் ‘நா’. நடு வரிசையில் இவற்றின் துணை அடிகள். மேலே உள்ள ஒடுக்கமான மூன்றில் நீண்டு ஒலிப்பவை: சிம்பல், உறுமியின் இழுப்பு, சுற்றிச் சுற்றி ஒலிக்கும் துண்டான லூப்.

ஏன் இப்படி? தவில்காரர் ஒரு பக்கம் கழியாலும் மறு பக்கம் கூடு போட்ட விரல்களாலும் வாசிக்கிறார். கனம் ஒரு கைக்கு, கூர்மை மறு கைக்கு. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பிரிவினையைக் கருவியிலும் அப்படியே விட்டுவிட்டால், தவில் கேட்டு வளர்ந்த கை அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் முழுவதையும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அதுவும் எல்லாக் கிட்டிலும் ஒரே மாதிரி திருப்பியதாக இருக்க வேண்டும்.

லூப்பை மேல் வரிசைக்குத் தள்ளியதற்கு வேறு காரணம். லூப் தவறுதலாக ஒலித்தால் எல்லோருக்கும் கேட்டுவிடும். ஓர் அடி தப்பினால் தாளத்துக்குள் மறைந்துவிடும், லூப் தப்பினால் மறைக்க முடியாது. ஆகவே வேகமாக வாசிக்கும்போது குச்சி தானாகப் போகாத இடத்தில்தான் லூப் இருக்க வேண்டும். அந்த லூப்பை நிறுத்துவதற்கு எந்த பேட், எந்த மிதி என்பதும் எல்லாக் கிட்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் அவசரம் அதிகம்.

உறுமியைப் பற்றி ஒரு சொல். அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த இழுப்பை ஒரே ஒரு சாம்பிளாக வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டுக்கும் போடுகிறார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறது. உறுமிக்காரர் ஒருபோதும் ஒரே நீளத்தில் இழுப்பதில்லை. குறைந்தது மூன்று நீளம் வேண்டும், குட்டை, நடுத்தரம், நெடியது. மூன்றையும் ஒரே மியூட் குரூப்பில் போட வேண்டும். அப்போது ஒன்று ஒலிக்கும்போது மற்றது அடங்கிவிடும். திறந்த ஹை-ஹேட்டை மூடிய ஹை-ஹேட் அடக்குவதற்காக வந்த வசதி இது. நம் வாத்தியத்துக்கு இன்னும் அழகாகப் பொருந்துகிறது. ஒரு தோலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு இழுப்பு வர முடியாதல்லவா?

சதுர பேட் கருவிகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். ரோலண்ட் எஸ்பி-404எஸ்எக்ஸ் கருவியில் பத்து பேங்க், பேங்க் ஒன்றுக்குப் பன்னிரண்டு பேட், 120 ஒலி. ஆனால் பேங்க் பொத்தான்கள் ஐந்துதான். ஏ-யும் எஃப்-உம் ஒரே பொத்தான், பி-யும் ஜி-யும் ஒரே பொத்தான், இப்படி. முதல் ஐந்து பேங்குக்கு ஒரு தட்டு போதும், பின் ஐந்துக்கு இரண்டு தட்டு. அந்த ஒரு தட்டு வித்தியாசம் மேடையில் பெரிய வித்தியாசம். கட்டாயம் வேண்டியவை ஏ முதல் ஈ வரைக்குள் இருக்கட்டும். எஃப் முதல் ஜே வரை மாற்று ஒலிகள், ஒத்திகைக்கு வேண்டியவை. அந்தக் கருவியின் திரை மூன்றே மூன்று எழுத்து காட்டும் சிவப்பு விளக்குத் திரை. ஒலியின் பெயர் அதில் தெரியவே தெரியாது. அதில் வாசித்தவர்கள் இடத்தை மட்டுமே நம்பி வாசித்தார்கள். 2021-இல் வந்த அடுத்த பதிப்பில் திரை பெரிதாகிப் பெயர் தெரிகிறது, 16 புராஜெக்ட், ஒவ்வொன்றிலும் 160 ஒலி என்று இடமும் கூடிவிட்டது. ஆனாலும் அதைத் திறமையாகக் கையாள்பவர்களைப் பாருங்கள், திரையைப் பார்க்கவே மாட்டார்கள்.

எண்ணிக்கையைப் பற்றி. எம்பிசி60-இலேயே 16 லெவல்ஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே ஒலியைப் பதினாறு பேடுகளில் பரப்பி, பதினாறு விதமான அழுத்தத்திலோ சுருதியிலோ தரும். ஒரு நல்ல டமாரத்தின் ஓர் அடி இருந்தால் பதினாறு பேடிலும் மேலும் கீழுமாக வாசிக்கலாம். இது இருக்கும்போது, ஒரே அடியின் பதினாறு கோப்புகளைக் கார்டில் சுமப்பது எதற்கு? கருவி தானே செய்யக்கூடிய மாற்றத்தைக் கருவியிடம் விட்டுவிடுங்கள். கார்டில் இருக்க வேண்டியது கருவியால் செய்ய முடியாத மாற்றம். தவிலின் வலந்தலையில் மெதுவாக அடிப்பதும் ஓங்கி அடிப்பதும் வெறும் சத்த வித்தியாசம் மட்டுமன்று, நாதமே வேறு. அவற்றைத் தனித்தனியாகப் பதியத்தான் வேண்டும்.

இனி பெயருக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், ஏனென்றால் தேடும் நேரம் பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது.

1986-இல் வந்த அக்காய் எஸ்900 கருவியில் ஒரு ஒலிக்குப் பத்து எழுத்தில் பெயர் வைக்க வேண்டும். 1988-இன் எஸ்1000-இல் பன்னிரண்டு எழுத்து. அந்தக் கட்டுப்பாடு ஒரு நல்ல பழக்கத்தை உண்டாக்கியது. பெயரில் எது முதலில் வர வேண்டும் என்று யோசிக்க வைத்தது. இன்று பெயர் எவ்வளவு நீளமும் இருக்கலாம். ஆனால் சிறிய திரைகள் முதல் சில எழுத்துகளை மட்டும்தான் காட்டுகின்றன, மற்றதை வெட்டிவிடுகின்றன. விலைக்கு வாங்கும் ஒலித் தொகுப்புகளில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் விற்றவரின் பெயரோடு தொடங்குகிறது. அதை அப்படியே ஏற்றினால் திரையில் நாற்பது வரிகளும் ஒன்றுபோலத் தெரியும். வாங்கிய அன்றே பெயரை மாற்றிவிடுங்கள்.

மேடையில் தேடும்போது உங்கள் மனம் எந்த வரிசையில் கேள்வி கேட்கிறது? முதலில் எந்த வாத்தியம். பிறகு எந்த அடி. பிறகு மெதுவா, ஓங்கியா. கடைசியில், இதுபோல் இருக்கும் மூன்றில் எது. பெயரும் அதே வரிசையில் போகட்டும். வாத்தியத்துக்கு மூன்றெழுத்துச் சுருக்கம், அடிக்கு ஒரு சுருக்கம், அழுத்தத்துக்கு ஓர் எழுத்து, கடைசியில் ஓர் எண். எண்ணை எப்போதும் இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள், 01, 02 என்று. 1, 2 என்று எழுதினால் பல கருவிகள் 1-க்குப் பிறகு 10-ஐக் கொண்டுவந்து நிறுத்தும், 2 எங்கோ கீழே போய்விடும்.

பெரும்பாலான சாம்ப்ளர் திரைகளில் தமிழ் எழுத்து தெரியாது. ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். தவிலை ஒருவர் ‘டிஏ’ என்று தொடங்குவார், இன்னொருவர் ‘டிஎச்ஏ’ என்று தொடங்குவார். சில சமயம் ஒரே ஆளே இரண்டு விதமாக எழுதியிருப்பார். அகரவரிசையில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் போய் நிற்கும். ஒரு தாளை எடுத்து, உங்களிடம் உள்ள வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். குழுவில் இருவர் ஒரே கார்டைப் பயன்படுத்தினால் இது இல்லாமல் முடியவே முடியாது.

லூப்புக்குப் பெயர் வேறு மாதிரி. அங்கே முதல் கேள்வி வேகம். 90 பிபிஎம் வேகத்தில் நான்கு மாத்திரை லூப் 2.67 விநாடி ஓடும். இந்தக் கணக்கைப் பாட்டு தொடங்கும் நேரத்தில் மனத்தில் போட முடியாது. ஆகவே வேகத்தை மூன்று இலக்கத்தில் பெயரின் தலைப்பில் போடுங்கள், 090 என்று. அப்போது லூப்கள் தாமாகவே மெதுவானதிலிருந்து வேகமானதுவரை வரிசையாக நின்றுவிடும். அடுத்து சிக்ஸ் எயிட்டா, ஃபோர் ஃபோரா என்பது. அதற்கடுத்து சுருதி.

சுருதியைப் பற்றி நம்மவர்கள் போதுமான அக்கறை காட்டுவதில்லை என்பது என் வருத்தம். மிருதங்கத்தின் வலந்தலை பாடகரின் சுருதிக்குக் கூட்டப்படுவது. ஒரு கட்டையில் பதிந்த மிருதங்கத்தை ஐந்து கட்டைப் பாட்டுக்கு அப்படியே போட்டால் காது கூசும். கருவிக்குள் சுருதியை ஏற்றலாமே என்றால், வேகத்தையும் சேர்த்து மாற்றும் பழைய முறையில் அரைக் கட்டை ஏற்றினால் ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடிவிடும். ஒன்றிரண்டு அரைக் கட்டை தாங்கும். அதற்கு மேல் போனால் மிருதங்கம் கஞ்சிராவைப்போலச் சுருங்கிவிடும். ஆகவே சுருதி உள்ள தோல் வாத்தியங்களை 1, 3, 5 கட்டை என்று இடைவெளி விட்டு மூன்று சுருதியில் பதிந்து, கட்டை எண்ணைப் பெயரிலேயே எழுதி வையுங்கள். எந்தப் பாட்டுக்கும் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துச் சற்றே நகர்த்தினால் போதும்.

பெயரெல்லாம் சரியாக இருந்தும், ஒலி சட்டென்று வராமல் போகும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் வெற்று நேரம். 44,100 அளவெடுப்பில் 441 புள்ளி வெறுமையாக இருந்தால் 10 மில்லி விநாடி போய்விட்டது. பேடை அடித்ததிலிருந்து ஒலி பிறப்பதற்குள் ஒவ்வொரு அடியிலும் அந்தத் தாமதம். ஒரு ஒலிக்கு இந்தத் தாமதம், மற்றதற்கு இல்லை என்றால் தாளம் நொண்டும். வாசிப்பவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார். ஒலியைக் கார்டுக்குள் விடுவதற்கு முன்பே தொடக்கத்தை நறுக்கிவிட வேண்டும். வாலையும் பாருங்கள். எஸ்பிடி-எஸ்எக்ஸ் ஒரே நேரத்தில் 20 ஒலிகளைத்தான் ஒலிக்கவிடும். ஒவ்வொரு அடிக்கும் நான்கு விநாடி எதிரொலி வால் இருந்தால், வேகமான உருட்டில் பழைய ஒலிகள் பாதியில் அறுந்துவிடும். எதிரொலி மண்டபத்திலேயே இருக்கிறது, ஒலிப்பொறியாளர் கையிலும் இருக்கிறது. சாம்பிளுக்குள் அது குறைவாகவே இருக்கட்டும்.

சத்த அளவையும் இப்போதே சமப்படுத்துங்கள். அளவுமானியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கிட்டிலிருந்து இன்னொரு கிட்டுக்கு மாறி மாறி, ஒரே தாளத்தை வாசித்து, காதால் கேட்டுச் சமன் செய்யுங்கள். கிட் மாறியதும் பாடகர் திரும்பிப் பார்த்தால் அந்தக் கிட் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

எதை எங்கே சேமிப்பது என்ற கேள்விக்கு மூன்று நிலைகளாகப் பதில் சொல்வேன். வீட்டுக் கணினியில் எல்லாம் இருக்கலாம், ஆண்டுக்கணக்கில் சேர்த்தது, கேட்காதது, பிடிக்காதது, எல்லாம். கார்டில், கேட்டுத் தேர்ந்து நறுக்கிப் பெயரிட்டவை மட்டும். பேடில் இன்றைய நிகழ்ச்சிக்கு வேண்டியவை மட்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஒரு ஒலி போவதற்கு முன் நீங்கள் அதை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காத ஒலி ஒன்றும் கார்டுக்குப் போகக்கூடாது. கார்டின் ஃபோல்டர் அமைப்பை ஒருமுறை தீர்மானித்துவிட்டால் பிறகு அதைத் தொடாதீர்கள். பல கருவிகள் ஒலி எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைத்தான் புராஜெக்டில் எழுதி வைக்கின்றன. ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டால், கருவி பழைய வாசலில் போய் நின்று, ஒலி இல்லை என்று சொல்லிவிடும். எஸ்பிடி-எஸ்எக்ஸ் வேறு வகை. அதில் எல்லா ஒலிகளும் ஒரே பொதுப் பட்டியலில் இருக்கும், ஒரே ஒலி பத்துக் கிட்டில் இருந்தாலும் இடம் ஒரு மடங்குதான். நல்ல வசதி. ஆனால் ஒரு கிட்டுக்கு வேண்டாம் என்று ஒலியையே அழித்தால் பத்துக் கிட்டிலிருந்தும் அது போய்விடும்.

ஸ்வீடனின் எலக்ட்ரான் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த ஆக்டாட்ராக் கருவியில் இந்த நிலைகளைக் கருவியே பிரித்து வைத்திருக்கிறது. நினைவகத்தில் ஏறியிருக்கும் ஒலிகளுக்கு 128 இடம், கார்டிலிருந்து நேரடியாக ஓடும் ஒலிகளுக்கு 128 இடம். குட்டையான, அடிக்கடி அடிக்கும், உருமாற்றும் ஒலிகள் முதல் வகையில். நீண்ட பின்னணித் துண்டுகள் இரண்டாவதில். அந்தக் கருவி உங்களிடம் இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மேடைக்கு வருவோம். பாட்டுக்கு ஒரு கிட் என்று அமைப்பவர்கள் உண்டு. நிகழ்ச்சி நிரல் மாறாத இடத்தில், நாடகத்துக்கோ நாட்டியத்துக்கோ, அது சரி. எஸ்பிடி-எஸ்எக்ஸில் இதற்காகவே கிட்களைச் சங்கிலியாகக் கோக்கலாம், எட்டுச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் 20 படி. காலால் ஒரு மிதி, அடுத்த கிட். ஆனால் நம் கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் நிரல் யார் கையில் இருக்கிறது? கூட்டத்தில் ஒருவர் சீட்டு எழுதி அனுப்புவார், பாடகர் தலையசைப்பார், கீபோர்டுக்காரர் முன்னிசையைத் தொடங்கிவிடுவார். உங்களுக்கு நான்கு மாத்திரைகூட இல்லை. பாட்டுக்கு ஒரு கிட் வைத்திருப்பவர் நூறு கிட்களுக்கு நடுவே எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார்.

இந்த மேடைகளுக்கு நடையின்படி கிட் அமைப்பதையே நான் வற்புறுத்துவேன். தபலாவும் டோலக்கும் உள்ள மெலடிக் கிட் ஒன்று. தவில், பம்பை, உறுமி உள்ள குத்துக் கிட் ஒன்று. வெஸ்டர்ன் டிரம் கிட் ஒன்று. எண்பதுகளின் எலக்ட்ரானிக் டிரம் ஒலி உள்ளது ஒன்று. பறை தனியாக ஒன்று, ஏனென்றால் பறையின் நீளமான மெல்லிய குச்சியும் குட்டையான தடித்த குச்சியும் தரும் இரண்டு குரல்களும் தவிலோடு கலக்கும்போது அடங்கிப்போகின்றன, அவற்றுக்குத் தனி இடம் வேண்டும். இப்படி எட்டு முதல் பன்னிரண்டு கிட் போதும். எந்தப் பாட்டு வந்தாலும் இவற்றில் ஒன்றில் உட்கார்ந்துவிடலாம். சில பாட்டுகளுக்கு மட்டும், அந்த ஒலி இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பது போன்ற தனி ஒலி இருக்கும். அவற்றை மட்டும் பட்டியலின் கடைசியில் தனிக் கிட்களாக வையுங்கள். கருவி நூறு கிட் தருகிறது என்பதற்காக நூறையும் நிரப்ப வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். பழைய எஸ்பி-1200-இன் கணக்கைப் போல, உங்களிடம் உள்ள ஒலிகளிலிருந்து 32-ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் அவற்றை மட்டும் வைத்து வாசியுங்கள். எந்த இடத்தில் கை போய் வெறுமையைத் தட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் அந்தக் குறிப்பில் இருப்பவற்றை மட்டும் சேருங்கள். உங்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்பதை எந்தப் பட்டியலைவிடவும் அந்தக் குறிப்பு தெளிவாகச் சொல்லும்.

கடைசியாக, நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் ஒன்று. ஒவ்வொரு ஒலி ஃபோல்டரிலும் ஒரு குறிப்புக் கோப்பு இருக்க வேண்டும். இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதை அதில் எழுத வேண்டும். அமெரிக்காவில் 1991-இல் பிஸ் மார்க்கி என்ற கலைஞர் ஒரு பழைய பாட்டின் துண்டை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக நியூயார்க் நீதிமன்றம் அவருக்கும் அவரது நிறுவனத்துக்கும் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு அங்கே இசைத்தட்டு நிறுவனங்கள், ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது, யார் அனுமதி தந்தது என்று கேட்கத் தொடங்கின. எழுதி வைத்திருந்தவர்களால் பதில் சொல்ல முடிந்தது.

நம்மிடம் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒரு தவில் கலைஞரை, ஒரு பறைக் கலைஞரை அழைத்துவந்து பதிகிறோம். பல ஆண்டுகள் உழைத்து வந்த அந்த அடி ஒரு விநாடிக் கோப்பாகிறது. பிறகு பென் டிரைவில் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போகிறது. எத்தனையோ மேடைகளில் ஒலிக்கிறது. வாசித்தவர் பெயர் எங்கும் இல்லை. ஒலியை நேர்த்தியாக அடுக்கத் தெரிந்த நாம் அந்தப் பெயரையும் அதனோடு சேர்த்து அடுக்க வேண்டும். வாசித்தவர் பெயர், அவர் ஊர், வாத்தியம், கட்டிய சுருதி, பதிந்த நாள், மைக் வைத்த இடம், எந்தெந்தப் பயன்பாட்டுக்கு அவர் சம்மதித்தார், அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது. இவ்வளவும் பத்து வரியில் அடங்கும். கார்டை ஒருவருக்குக் கொடுக்கும்போது அந்தக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கோப்பு இல்லாமல் உங்களிடம் வரும் ஒலிகளைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். யார் வாசித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அவற்றைப் பதிவில் பயன்படுத்தாதீர்கள்.

பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். கருவி மேசையில் தயாராக இருக்கிறது. முதல் கிட் தவில், இரண்டாவது பறை, மூன்றாவது டிரம்ஸ், மூன்றிலும் கனமான அடி ஒரே இடத்தில் இருக்கிறது. திரையை ஒரு துணியால் மூடி வைத்திருக்கிறேன். குச்சி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுக் கேள்விகளைக் கேட்கலாம்.